தேர்வோனில்லாத் தேர்வு: டார்வினின் உருவகமும் நமது வாசிப்பும்

சாள்ஸ் டார்வினது 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் நூல் 1859ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 24ஆந் திகதி இலண்டனில் வெளிவந்தது. முதற் பதிப்பில் அச்சிடப்பட்டவை 1,250 பிரதிகளே. அன்று தொட்டு அந்நூலை இரு சாரார் இருவேறு முறைகளில் வாசித்து வந்துள்ளனர். விஞ்ஞானம் பயில்வோர் அதன் முடிபுகளை எடுத்துக்கொண்டு மொழியைக் கைவிட்டனர். சமுதாயச் சிந்தனையின் வரலாற்றை ஆராய்வோர் அதன் மொழியையும் அம்மொழி பிறந்த சூழலையும் எடுத்துக்கொண்டு முடிபுகளின் மெய்ம்மையைக் கைவிட்டனர். ஒரே நூல் விஞ்ஞான பீடத்தில் ஒன்றாகவும் கலைப்பீடத்தில் வேறொன்றாகவும் இருந்து வருகின்றது எனின் அது மிகையாகாது.

அந்நூலின் மையத்திலுள்ள ஒரு சொல்லை இங்கு திறனாய்வுக்கு எடுத்துக்கொள்கின்றோம். 'இயற்கைத் தேர்வு' என்னுந் தொடரிலுள்ள 'தேர்வு' என்பதே அச்சொல். ஒரு நூலை நோக்கும்போது அது எவ்வர்க்கத்தின் எக்காலத்துக் குரல் என்று வினவுவது முற்போக்குத் திறனாய்வின் வழக்கம். அவ்வினாவை நாமும் விட்டுவிடுவதற்கில்லை. ஆயின் விஞ்ஞான நூலொன்றின் முன் அவ்வினா எதுவரை செல்லும், எங்கே நின்றுவிட வேண்டும் என்பதை நம்மவர் போதியவளவு ஆராயவில்லை. ஆராயாமையின் விளைவு வெறும் ஏட்டளவில் நிற்கவில்லை என்பதைப் பின்னர் காண்போம்.

நூலின் அமைப்பையே முதலில் கவனித்தல் வேண்டும். டார்வின் காட்டிலிருந்து தொடங்கவில்லை, புறாக்கூட்டிலிருந்து தொடங்குகின்றார். முதலாம் அத்தியாயம் வீட்டு விலங்குகளிலும் பயிர்களிலும் தோன்றும் மாறல்களைப் பற்றியது. இலண்டனிலே புறா வளர்ப்போர் சங்கங்களில் அவர் தாமே சேர்ந்து, தொழிலாளர் முதல் கனவான்கள் வரை பலரோடும் பழகி, அவர்கள் வேண்டிய வடிவங்களை எவ்வாறு தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்துப் பெருக்கினர் என்பதை அறிந்தவர். பின்னர் இயற்கையிலுள்ள மாறல், அதன்பின் வாழ்க்கைப் போராட்டம் என நகர்ந்து நான்காம் அத்தியாயத்தில் இயற்கைத் தேர்வுக்கு வருகின்றார். புறா வளர்ப்போன் நின்ற இடத்தில் இப்போது இயற்கை நிற்கின்றது. வாசகன் ஏற்கனவே அறிந்த ஒன்றைக் கொண்டு அறியாததைக் காட்டும் இம்முறை மிகுந்த வன்மையுடையது. ஆனால் அதற்கொரு விலையுண்டு. புறா வளர்ப்போனுக்குக் கண்ணும் கருத்தும் நோக்கமும் உண்டு. இயற்கைக்கு இவற்றுள் ஒன்றேனும் இல்லை.

இவ்விலை டார்வின் அறியாததன்று. 1861ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பிலேயே, தேர்வு என்றால் தேர்வோன் ஒருவன் வேண்டுமே என்றோருக்கு அவர் விடை கூற நேர்ந்தது. இரசாயனவியலார் மூலகங்களின் நாட்டம் பற்றிப் பேசும்போது மூலகங்களுக்கு மனமுண்டென்று எவரும் கொள்வதில்லை என்பது அவரது சமாதானம். இயற்கைத் தேர்வைத் தனித்துக் கண்டவரும், 1858 யூலை முதலாந் திகதி இலண்டன் லினேயன் சங்கத்தில் டார்வினோடு ஒருசேரத் தமது கட்டுரை வாசிக்கப்பெற்றவருமான அல்பிரட் றசல் வாலஸ் இச்சமாதானத்தால் நிறைவுறவில்லை. 1866இல் டார்வினுக்கு எழுதிய மடலில் அவர் அச்சொல்லையே கைவிடுமாறு வேண்டினார். அதற்குப் பதிலாக அவர் முன்வைத்தது, ஹேர்பேட் ஸ்பென்சர் 1864இல் வழங்கிய தொடர். டார்வின் 1869ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பில் அதனையும் சேர்த்துக்கொண்டார். தமிழில் நாம் 'தக்கன பிழைத்தல்' என்பது அதுவே.

ஆளுருவகத்தைத் தவிர்க்கும் பொருட்டுக் கொணரப்பட்ட தொடர் அதனினும் பெரிய இடர்ப்பாட்டைக் கொணர்ந்தது. யார் தேர்ந்தார் என்ற வினா மறைந்தது. யார் தக்கார் என்ற வினா எழுந்தது.

தமிழ் வாசகனுக்கு இவ்விடர்ப்பாடு இருமடங்கு. நமது அறநூல் மரபிலே தகுதி என்பதும் தக்கார் என்பதும் ஒழுக்கஞ் சார்ந்த சொற்கள். நடுநிலையும் பண்பும் உடையோரையே அவை குறித்தன. எனவே 'தக்கன' என்ற மாத்திரத்தில், பிழைத்தவற்றுக்குப் பிழைக்கும் உரிமை இருந்ததென்றதோர் எண்ணம் அறியாமலே உள்நுழைகின்றது. மேடைகளிலும் பத்திரிகைகளிலும் இன்னும் ஒருபடி சென்று 'வலியது வாழும்' என்றே கூறிவிடுகின்றனர். அஃறிணைப் பன்மையிலமைந்த 'தக்கன' என்பதில் எஞ்சியிருந்த அடக்கமும் அங்கே போய்விட்டது. எதற்குத் தக்கன, எவ்விடத்தில் தக்கன, எத்தனை காலத்துக்குத் தக்கன என்ற மூன்று வினாக்களையும் சேர்த்தே அத்தொடரை வாசித்தல் வேண்டும். அவ்வாறன்றித் தனியே நிற்கையில் அது பொருளற்றது. (பிழைத்தல் என்னுஞ் சொல் உயிர்தப்புதலையும் தவறுதலையும் ஒருங்கே குறிப்பது வேறொரு சுவை. பரம்பரைப் பொருள் பிரதிசெய்யப்படும்போது நேரும் தவறுகளே விகாரங்களுக்கு ஊற்றாதலின், பிழையாற் பிழைத்தல் என்பது இத்துறையிலே சிலேடையன்று, நிகழ்ச்சி.)

சொல்லைவிட வாக்கிய அமைப்பு மேலும் ஏமாற்றுவது. 'குளிரைத் தாங்கும்பொருட்டு விலங்குகள் அடர்ந்த உரோமத்தை வளர்த்துக்கொண்டன' என்பது போன்ற வாக்கியங்களை எழுதாதவர் நம்மிற் சிலரே. 'பொருட்டு' என்பது நோக்கத்தைத் தருகின்றது. 'கொள்' என்னுந் துணைவினை தன்பொருட்டுச் செய்யும் வினைமுதலைத் தருகின்றது. இரண்டுஞ் சேர்ந்து, தனியொரு விலங்கு தன் தேவையை உணர்ந்து தன்னைத் திருத்தி அமைத்ததாகவே சொல்லிவிடுகின்றன. அது டார்வினின் கொள்கையாகாது. 1809இல் பிரெஞ்சு அறிஞர் லமார்க் எழுதியதற்கே அது அணித்தானது. டார்வினும் உறுப்புக்களின் பயன்பாட்டினால் விளையும் மாற்றங்கள் பரம்பரையாகச் செல்லுமென்பதை முற்றாக மறுத்தவரல்லர். பிந்திய பதிப்புக்களில் அதற்கு மேலும் இடங்கொடுத்தார். அது வேறு செய்தி. இயற்கைத் தேர்வென அவர் கண்டது இதுவன்று.

கலைச்சொல்லாக்கத்தில் இலங்கையரும் தமிழகத்தாரும் வேறுபட்டமை இங்கு கருதத்தக்கது. தமிழகத்தார் பரிணாமம் என்றனர். நாம் கூர்ப்பு என்கின்றோம். பரிணாமம் சாங்கியத்திலிருந்து வருஞ்சொல். பால் தயிராவதுபோல் ஒரு பொருள் தன்னுள் அடங்கியிருந்ததொன்றாகத் தானே திரிதல் அதன் பழம்பொருள். கூர்ப்போ தொல்காப்பியத்து உரியியலிலே முன்னமேயுள்ள பண்பொன்று மிகுதலைக் குறித்துவந்த சொல். முன்னமேயுள்ள மாறலொன்று தலைமுறைதோறும் குடித்தொகையிலே மிகுவதுதான் இயற்கைத் தேர்வு. இப்பொருத்தம் கருதியே சொல் ஆக்கப்பட்டதென நாம் வாதிடப் புகவில்லை. ஆனால் அமெரிக்க உயிரியலறிஞர் றிச்சட் லெவொன்ரின் 1980களில் வற்புறுத்திய வேறுபாடு இவ்விரு சொற்களிலும் தற்செயலாகவேனும் பதிந்துள்ளது. விண்மீன் ஒவ்வொன்றும் பிறந்து முதிர்ந்து தானே மாறுவதால் விண்மீன்களின் தொகுதி மாறுகின்றது. அது திரிதலால் நிகழும் மாற்றம். உயிரினத்திலோ தனியுயிர் எதுவும் அவ்வாறு மாறத் தேவையில்லை. பலவகை உயிர்களுள் ஒருவகை கூடுதலாக எஞ்சிக் கூடுதலாகப் பெருகுவதால் இனம் மாறுகின்றது. டார்வினது புரட்சி இதிலேதான் உள்ளதென லெவொன்ரின் கருதினார். நாமும் அவ்வாறே கருதுகின்றோம்.

இதனைக் கண்முன் காட்டிய ஆய்வொன்றை விரிவாக நோக்குவது பயனுடைத்து. பசிபிக் சமுத்திரத்திலுள்ள கலாபகோஸ் தீவுக் கூட்டத்தில் டப்னி மேஜர் என்பது மனிதர் குடியிராத சிறு எரிமலைத் தீவு. பீற்றர் கிராண்ட், றோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் 1973 முதல் நாற்பதாண்டுகளுக்கு அங்கு சென்று ஆராய்ந்தனர். குருவிகளைப் பிடித்து, அளந்து, காலில் அடையாள வளையமிட்டு விடுவர். அவற்றின் குஞ்சுகளையும் அவ்வாறே செய்வர். (டார்வினுக்கு இக்குருவிகளின் அலகுகளே கண்திறந்தன என்பது பரவலான கதை. ஆயின் 'உயிரினங்களின் தோற்றம்' அவ்வலகுகளை எடுத்துப் பேசவில்லை. அவற்றைப் புகழடையச் செய்தது 1947இல் டேவிட் லாக் எழுதிய நூல்.)

1977இல் அத்தீவில் மழை பொய்த்தது. வழமையாக நூறு மில்லிமீற்றருக்கு மேற் பெய்யும் மாரியில் ஏறத்தாழ 24 மில்லிமீற்றரே கிடைத்தது. நடுத்தரத் தரைப் பின்ச் எனப்படும் குருவிகள் அவ்வாண்டில் இனம்பெருக்கவில்லை. சிறிய மென்மையான விதைகளைக் குருவிகள் முதலில் தின்று தீர்த்தன. எஞ்சியவை பெரிய வன்மையான விதைகள். அவற்றுள் முதன்மையானது நெருஞ்சிச் சாதியைச் சேர்ந்த கொடியொன்றின் முட்காய். நமது வயல்வரம்புகளில் வெறுங்காலோடு நடந்தவருக்கு அக்காயின் வன்மையை விளக்க வேண்டுவதில்லை. ஆழமான அலகுடைய குருவியால் அதனை உடைக்க முடிந்தது. அலகு ஒரு மில்லிமீற்றர் அளவு குறைந்தது முயன்று கைவிட்டது. ஏறத்தாழ 1,200ஆக இருந்த குருவிகள் சுமார் 180ஆகக் குறைந்தன. எஞ்சியவற்றின் சராசரி அலகாழம் முன்னிருந்த சராசரியினும் சுமார் அரை மில்லிமீற்றர் கூடுதலாயிருந்தது. அலகின் அளவு பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் பெரிதும் செல்லும் பண்பு. ஆதலின் அடுத்த ஆண்டிற் பிறந்த குஞ்சுகளும் வறட்சிக்கு முந்திய தலைமுறையினும் ஆழமான அலகுடையனவாயின.

எக்குருவியும் தன் அலகை வளர்த்துக்கொள்ளவில்லை. உயிருள்ள எக்குருவியின் அலகும் வறட்சியால் ஆழமாகவில்லை. மாறியது சராசரி, மாற்றியது மரணம். 'வாழ்க்கைப் போராட்டம்' என்றதும் பல்லும் நகமுமாகப் போரிடும் விலங்குகளை எண்ணுவோர் இத்தீவிற் போரைத் தேடிக் காணமாட்டார்கள். ஒரு குருவி மற்றொன்றைக் கொன்று வாழ்ந்ததில்லை. ஒன்று உண்டது, மற்றொன்றால் உண்ண முடியவில்லை. டார்வினும் போராட்டம் என்பதைத் தாம் விரிந்த உருவகப் பொருளிலேயே வழங்குவதாகவும், பாலைநில ஓரத்துச் செடி வறட்சியோடு போராடுகின்றது என்பதும் அதிலடங்குமெனவும் கூறியிருக்கின்றார்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் பெரிய அலகே தகுதியானது எனப் பாடநூல் எழுதிவிடலாம். 1982 பிற்பகுதியிலிருந்து 1983 வரை எல் நினோவின் விளைவாகப் பெருமழை பெய்தது. கொடிகள் மண்டின, நெருஞ்சி மறைந்தது, நிலமெங்கும் சிறு விதைகள் மலிந்தன. அதனையடுத்த வறண்ட காலத்திலே, 1985இல், சிறிய அலகுடையனவே கூடுதலாகப் பிழைத்தன. எட்டாண்டுகளுக்குள் தகுதி தலைகீழாயிற்று.

இனி அந்நூலின் சமுதாயப் பின்னணிக்கு வருவோம். தோமஸ் மல்தஸ் 1798இல் முதலிலெழுதிய குடித்தொகைக் கட்டுரையை டார்வின் 1838ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் வாசித்தார் என்பதும், உணவின் பெருக்கத்தைக் குடிப்பெருக்கம் விஞ்சும் என்னும் அக்கருத்தே தமது சிந்தனைக்கு உருத்தந்ததென அவர் ஒப்புக்கொண்டார் என்பதும் வரலாறு. வாலசும் மலாயத் தீவுகளிற் காய்ச்சலுற்றுக் கிடந்த வேளை மல்தசை நினைவுகூர்ந்தே அம்முடிபுக்கு வந்தார். மல்தசின் நூல் ஏழைகளுக்கு உதவி வழங்குவதை எதிர்க்கும் வாதங்களுக்குப் படைக்கலமாயிருந்தது. கைத்தொழில் முதலாளித்துவம் உச்சநிலை எய்திய இங்கிலாந்தில், போட்டியே உலக நியதியெனக் கருதிய வர்க்கத்தாரிடையே டார்வின் வாழ்ந்தார். இவற்றை மறைப்பதற்கில்லை.

முதலில் இதனைக் கண்டுகூறியவர் மார்க்சே. 1860 டிசம்பரில் அவர் டார்வினது நூல் தமது நோக்குக்கு இயற்கை வரலாற்றிலே அடித்தளந் தருவதாக ஏங்கெல்சுக்கு எழுதினார். 1862 யூனிலோ, டார்வின் விலங்குகளிடையே தமது ஆங்கிலச் சமுதாயத்தையே, அதன் போட்டியும் சந்தைகளும் உட்பட, கண்டிருப்பது குறித்து வியந்து எழுதினார். 1875இல் ஏங்கெல்ஸ் லாவ்ரோவுக்கு எழுதிய மடல் இன்னும் கூர்மையானது. சமுதாயத்திலிருந்து இயற்கைக்குப் பெயர்க்கப்பட்ட கருத்துக்கள் மீளவும் இயற்கையிலிருந்து சமுதாயத்துக்குப் பெயர்க்கப்பட்டு, அவை என்றுமுள்ள விதிகளென நிறுவப்பட்டதாகக் காட்டப்படும் வித்தையை அம்மடல் தோலுரித்தது. (மார்க்ஸ் தமது 'மூலதன'த்தை டார்வினுக்குக் காணிக்கையாக்க விரும்பினார், டார்வின் மறுத்தார் என்னும் கதை நம்மவராற் பல காலம் பெருமையோடு கூறப்பட்டது. டார்வினது அம்மடல் எட்வேட் ஏவ்லிங்குக்கு 1880இல் எழுதப்பட்டதென்பது 1970களில் தெளிவாயிற்று. மார்க்ஸ் 1873இல் ஒரு பிரதியை அனுப்பினார் என்பது மட்டும் உண்மை. அதன் பெரும்பாலான பக்கங்கள் வெட்டப்படாமலே இருந்தன.)

ஏங்கெல்ஸ் கண்டித்த மீள்பெயர்ப்பின் விளைவுகள் யாவரும் அறிந்தவை. ஸ்பென்சரின் மாணாக்கர் வறுமையை இயற்கையின் தீர்ப்பென்றனர். கால்ரன் 1883இல் இனமேம்பாட்டியலுக்குப் பெயரிட்டார். அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் 1907இல் கட்டாய மலடாக்கற் சட்டம் இயற்றியது. 1933இல் ஜேர்மனியில் நாற்சிகள் இயற்றியது அவ்வழியில் வந்ததே. தேர்வோனில்லாத தேர்வுக்குத் தாமே தேர்வோராக இவர்கள் வந்து நின்றனர். இவ்வழு நமக்கு வெளியே உள்ளது. அதனைச் சாடுவது எளிது.

கடினமானது நமது பக்கத்து வழு. ருசியச் சிந்தனையாளர் பலர் டார்வினை ஏற்றும் மல்தசை ஏற்கவில்லை. அவர்களுட் சிறந்தவர் குரோபொட்கின். 1860களிற் சைபீரியாவிற் சுற்றித்திரிந்த அவர் கண்டது, உயிர்கள் நெருங்கிப் போட்டியிடும் வெப்பமண்டலக் காட்டை அன்று. பனிப்புயலுக்கு முன்னே ஒன்றுக்கொன்று துணைநின்ற அருகிய விலங்குக் கூட்டங்களையே. 1902இல் வந்த அவரது 'பரஸ்பர உதவி' போராட்டம் என்னும் உருவகத்தின் மற்றப் பக்கத்தைக் காட்டியது. நேரிற் கண்ட சான்றுகளை வைத்து அவர் வாதிட்டார். போட்டி எங்குமே இல்லை என்று அவர் கூறியதுமில்லை. விஞ்ஞான நூலை இவ்வாறு மறுப்பது முறையானது.

லைசென்கோ செய்தது வேறு. ஓரினத்துக்குள்ளே போட்டி நிகழ்கின்றது என்பது மல்தசின் முதலாளித்துவக் கட்டுக்கதை, ஆதலின் அது பொய் என்பதே அவரது வாதத்தின் சாரம். கருத்தின் பிறப்பிடம் காட்டப்பட்டதும் கருத்து மறுக்கப்பட்டதாயிற்று. 1948இல் சோவியத் ஒன்றியம் புல்வெளிப் பிரதேசங்களிற் பெரும் காற்றுத்தடைக் காடுகளை வளர்க்கத் திட்டமிட்டபோது, ஓக் மர விதைகளைக் கொத்துக்கொத்தாக ஒரே குழியருகே நெருக்கி விதைக்குமாறு லைசென்கோ பணித்தார். ஓரினத்து நாற்றுக்கள் ஒன்றோடொன்று நீருக்கும் ஒளிக்கும் போட்டியிடா, கூட்டாகவே களைகளை எதிர்க்கும் என்பது கொள்கை. நாற்றுக்கள் அக்கொள்கையை அறியவில்லை. பெருந்தொகையானவை மடிந்தன. 1952இன் இறுதி தொடக்கம் சுகாச்சேவ் ஆசிரியராயிருந்த தாவரவியற் சஞ்சிகை இதனை வெளிப்படையாக விமரிசிக்கத் துணிந்தது.

மரங்கள் மட்டும் மடியவில்லை. உலகெங்குமிருந்து பயிர் வித்துக்களைத் திரட்டி லெனின்கிராட்டிலே சேமித்த வவிலோவ் 1940இற் கைதுசெய்யப்பட்டு 1943 சனவரியிற் சரற்றோவ் சிறையில் இறந்தார். 1948 ஓகஸ்டில் நடந்த விவசாய விஞ்ஞானக் கழகத்தின் கூட்டத்தோடு பிறப்புரிமையியல் சோவியத் பல்கலைக்கழகங்களிலிருந்து அகற்றப்பட்டது. மெண்டலின் கொள்கை ஒரு மதகுருவின் கொள்கையென ஏளனஞ் செய்யப்பட்டது. 1965 வரை லைசென்கோவின் பிடி தளரவில்லை.

இதனைத் தனியொருவரின் கொடுமையாகவோ ஓர் ஆட்சியின் கொடுமையாகவோ மட்டும் கூறி நகர்ந்துவிடுதல் நமக்கு வசதியானது. அவ்வசதியை நாம் மறுத்தல் வேண்டும். லைசென்கோ கையாண்ட முறை, நாம் சஞ்சிகைகளிலே கவிதைக்கும் நாவலுக்கும் கையாண்டு பழகிய அதே முறை. ஓர் ஆக்கத்தின் வர்க்க மூலத்தைக் காட்டியதும் அதன் பெறுமதியைத் தீர்த்துவிட்டதாகக் கொள்ளும் அவசரம் இருவருக்கும் பொது. நாவலின் விடயத்தில் அவ்வவசரம் ஒரு நல்ல நாவலாசிரியனுக்கு அநீதி செய்வதோடு நின்றுவிடும். ஓக் நாற்றின் விடயத்தில் அவ்வாறு நிற்கவில்லை. மல்தசின் நூல் பிற்போக்கானது. டப்னி மேஜரில் 1977இல் விதைகள் குருவிகளுக்குப் போதவில்லை. இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாயிருக்கலாம். மல்தஸ் மனிதரைப் பற்றிக் கூறியது பொய்த்ததற்குக் காரணம் மனிதர் தம் உணவைத் தாமே உற்பத்தி செய்வதும், அவ்வுற்பத்தி முறை வரலாற்றில் மாறுவதும், பட்டினி பெரும்பாலும் பங்கீட்டின் விளைவாயிருப்பதுமே. பின்ச் குருவி உற்பத்தி செய்வதில்லை.

இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே ஏந்தியவர்கள் இடதுசாரிகளிடையே இல்லாமற் போகவில்லை. மெண்டலின் விதிகள் 1900இல் மீளக் கண்டறியப்பட்டபின், அவற்றையும் இயற்கைத் தேர்வையும் கணித முறையில் இணைத்தவர்களுள் ஜே. பி. எஸ். ஹால்டேன் ஒருவர், 1932இல் வந்த அவரது நூல் இத்துறையின் தூண்களிலொன்று. அவர் பிரித்தானியக் கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினராயிருந்தவர். 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து 1964இற் புவனேஸ்வரத்தில் மறைந்தவர். 1948இல் லைசென்கோவை வெளிப்படையாகக் கண்டிக்க அவரே தயங்கினார் என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. தாம் கணித்து நிறுவியதற்கும் கட்சி கூறியதற்கும் இடையிலே சில காலம் வருந்தி நின்று, பின் கட்சியை விட்டு விலகினார்.

அடுத்த ஆண்டில், அதாவது 1949இல், அவர் முன்வைத்த ஊகமொன்று நமது நாட்டைத் தொடுவது. தலசீமியா என்னும் குருதி நோய்க்குரிய பரம்பரையலகு தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் பிள்ளைக்குக் கொடிய குருதிச்சோகை உண்டாகும். இத்தகைய பரம்பரையலகு ஏன் அருகிப்போகவில்லை? ஒருவரிடமிருந்து மட்டும் அதனைப் பெற்றோருக்கு மலேரியாவிலிருந்து ஓரளவு காப்புக் கிடைத்திருக்கலாம் என்றார் ஹால்டேன். பின்வந்த ஆய்வுகள், சிறப்பாக அரிவாட்கலக் குருதிச்சோகை பற்றி 1954இல் அலிசன் வெளியிட்டவை, இவ்வழியிற் சென்று வலுச்சேர்த்தன. குருநாகல், அனுராதபுரம் போன்ற பழைய மலேரியாப் பிரதேசங்களில் இன்றும் தலசீமியாப் பிள்ளைகள் மாதந்தோறும் குருதியேற்றக் காத்திருக்கின்றனர். இலங்கையில் மலேரியா ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் 2016இற் சான்றளித்தது. நேற்றுவரை காப்பாயிருந்தது இன்று சுமை மட்டுமே. அப்பிள்ளைகளைத் 'தகாதன' என்பாருக்குத் தகுதியென்பது எதுவெனத் தெரியாது.

இதே நோயின் மற்றொரு முகம் 1934–35 கொள்ளைநோய். தென்மேல் பருவமழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாக வற்ற, அங்கு நுளம்பு பெருகி, ஏறத்தாழ 80,000 பேர் மடிந்தனர். மாண்டோரிற் பெரும்பாலோர் வறட்சியால் விளைச்சலிழந்து பசியோடிருந்த கிராமத்து ஏழைகளும் அவர்தம் குழந்தைகளும். சூரியமல் இயக்கத்து இளைஞர் மருந்தோடு உணவையும் சுமந்து சென்றமை காரணத்தைச் சரியாக உணர்ந்தமையாலேயே. கேகாலைக் கிராமத்தில் யார் எஞ்சினார் என்பதைப் பரம்பரையலகினும் பெரிதாகத் தீர்மானித்தது வீட்டு நெற்குதிர். அதற்கு இயற்கைத் தேர்வென்று பெயரிட்டிருந்தால் அது ஏங்கெல்ஸ் கண்டித்த வித்தையேயாகும்.

ஆனால் அந்த நுளம்பின் கதை வேறு. 1946 முதல் நாடெங்கும் டி.டி.ரி. தெளிக்கப்பட்டது. 1963இற் பதிவான மலேரியா நோயாளர் பதினேழு பேர் மட்டுமே. தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்புத் தளர்ந்தது, 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. மீளவும் டி.டி.ரி. தெளித்தபோது முன்போல் அது பயன் தரவில்லை. அந்நஞ்சைச் சிதைக்கவல்ல நொதியம் மிகுந்த நுளம்புகள் பெருகியிருந்தன. நஞ்சு அவற்றைப் படைக்கவில்லை. ஏனையவற்றை அகற்றி அவற்றுக்கு இடமளித்தது. 'நுளம்புகள் பழகிக்கொண்டன' என்றே அன்று பலரும் பேசினர். பழகியிருந்தால் அளவைக் கூட்டுவது போதியதாயிருக்கும். எஞ்சியவை பெருகியிருந்தமையால் நஞ்சையே மாற்றவேண்டியதாயிற்று. 1970களின் நடுப்பகுதியில் மலத்தியோன் வந்தது. பின்னர் அதற்கும் எதிர்ப்பு மிகுந்தது. வினைச்சொல் ஒன்றின் பிழை இங்கே சுகாதாரக் கொள்கையின் பிழையாகின்றது.

2016இன் இறுதியில், மலேரியா ஒழிந்ததெனச் சான்று கிடைத்துச் சில மாதங்களுள், மன்னாரில் முன்னர் இந்நாட்டிற் காணப்படாத அனோபிலிஸ் ஸ்ரீபென்சி என்னும் நுளம்பு கிணறுகளிற் கண்டுபிடிக்கப்பட்டது. அது பின்னர் யாழ்ப்பாணத்திலும் கிணறுகளிலும் சீமெந்துத் தொட்டிகளிலும் காணப்பட்டது. சோதித்தபோது பல பூச்சிநாசினிகளுக்கு எதிர்ப்புடையதாகவும் இருந்தது. கிணற்றைத் தேர்ந்தெடுத்து அது வரவில்லை.